மேலப்பாளையத்தில் நான் குடிவைத்த பதினேழு குடும்பங்கள்

ஒரு மடத்தனத்தை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நாடறிந்த ஒரு பொருளாதார மேதையின் புகழ் முழுக்க நான் எழுதிய பொய்யின்மேல் நிற்கிறது என்று இருபத்தாறு வருடங்களாக நம்பிக்கொண்டிருந்தேன். டெல்லியில் அவர் ஒரு விருது வாங்கினால் பாளையங்கோட்டையில் நான் அன்றைய பேப்பரை ஒளித்துவைப்பேன். அவர் டிவியில் பேசினால் நான் எழுந்துபோய் வாசல் கதவைத் தாழ் போட்டுவிட்டு வருவேன். போலீஸ் வந்தால் அந்தத் தாழ் என்ன செய்யும் என்று யோசித்ததில்லை. எனக்கு ரத்தக்கொதிப்பு என்று நினைத்து என் மனைவி சாம்பாரில் உப்பைக் குறைத்தாள். பொருளாதாரத்தால் எனக்கு வந்த முதல் நேரடி நஷ்டம் அதுதான்.

சர்வே வேலைக்குப் புதிதாக வருகிற பிள்ளைகள் என்னிடம், "சார், உங்க காலத்துல பேப்பர்ல எழுதினதை யாரும் செக் பண்ண மாட்டாங்களா?" என்று கேட்கிறார்கள். உங்கள் கையில் இருக்கிற டேப்லெட், நீங்கள் எந்தத் தெருவில் நின்று கொட்டாவி விட்டீர்கள் என்பதுவரை காட்டிக்கொடுத்துவிடும். எங்களைக் காட்டிக்கொடுக்க அப்படி ஒன்றும் கிடையாது. நாங்களேதான் காட்டிக்கொடுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. ஆகவே இது.

1. சீல் உடைக்காத தண்ணீர் பாட்டில்

எம்.ஏ. பொருளாதாரம் முடித்துவிட்டு இரண்டு வருடம் சும்மா இருந்தபின் எனக்குக் கிடைத்த முதல் வேலை, ஒரு ஆய்வில் கள ஆய்வாளர். வீடு வீடாகப் போய், ஷெட்யூல் என்கிற பதினாலு பக்கக் கேள்வித்தாளை நிரப்ப வேண்டும். ஒவ்வொரு பதிலுக்கும் ஒரு கோட் நம்பர் உண்டு. ஆய்வை நடத்தியவர் நம் மேதை. பேராசிரியர் என்றே சொல்லிவிடுகிறேன், பெயர் வேண்டாம். பெயரைச் சொன்னால் அவருடைய சீடர்கள் கிளம்பி வந்துவிடுவார்கள். அத்தனை பேருக்கும் காபி போட எங்கள் வீட்டில் பால் கிடையாது.

முக்கூடல் பக்கம் ஆற்றங்கரையில் நிலபுலன் உள்ள சைவக் குடும்பம் அவருடையது. பள்ளிக்கூடத்துக்கே சென்னைக்குப் போனவர். பிறகு வெளிநாடு, பிறகு டெல்லி, பிறகு ஒரு கமிட்டியிலிருந்து இன்னொரு கமிட்டி. நிலத்தை எப்போதோ விற்றாயிற்று. ஆனால் எந்த மேடையில் ஏறினாலும், "தாமிரபரணித் தண்ணி குடிச்சு வளர்ந்தவன் நான்" என்று சொல்லாமல் இறங்கமாட்டார். எங்களுக்குப் பயிற்சி கொடுத்த அன்றும் அதைச் சொன்னார். சொல்லி முடித்து, அவருக்கென்று வாங்கி வைத்திருந்த பாட்டில் தண்ணீரின் சீலை உடைத்து ஒரு வாய் குடித்தார். ஆறு அங்கிருந்து நடக்கிற தூரத்தில்தான் ஓடிக்கொண்டிருந்தது.

நாங்கள் ஆறு பேர். ஆளுக்கு இருபது வீடு, எல்லாம் மேலப்பாளையத்தில். வெளிநாட்டில் ஆள் இருக்கிற வீடுகளாகப் பார்த்துப் பொறுக்கிய பட்டியல். பேராசிரியர் கரும்பலகையில் ஒரு கையை வரைந்தார். நன்றாகவே வரைந்தார், அந்தத் தொழிலுக்கே போயிருக்கலாம்.

"வெளிநாட்டுல இருந்து பணம் வர ஆரம்பிச்சா, வீட்டுல இருக்கிற கை ஓய்ஞ்சிடும். பீடி சுத்தின பொம்பளை சுத்த மாட்டா. தறி நெய்தவ நெய்ய மாட்டா. இதுக்கு நான் 'ஓய்ந்த கை'ன்னு பேர் வச்சிருக்கேன். இது ஹைபாதிசிஸ்தான். நீங்க போய் டெஸ்ட் பண்ணிட்டு வாங்க. எனக்கு உண்மை வேணும்."

எங்கள் ஆறு பேரில் ஒரே பெண் ரஹ்மத் அக்கா. மேலப்பாளையத்துக்காரி, அப்போது முப்பத்து மூன்று வயது. பீடி சுற்றிய காசில் பி.ஏ. படித்தவர். அவர் எழுந்தார்.

"சார், ஒருவேளை கை ஓயலைன்னா?"

பேராசிரியர் சிரித்தார். "ஓயும்மா. நீங்க சரியா கேட்டா ஓயும்."

எல்லோரும் சிரித்தோம். பெரிய மனிதர் ஜோக் அடித்தார் என்று நினைத்துக்கொண்டோம். நான் இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சிரித்தேன். வேலை நிரந்தரமாகலாம் என்று ஒரு ஆசை.

2. மூன்று கதவுகளும் ஒரு டீக்கடையும்

எங்கள் சூப்பர்வைசர் சண்முகவேல் அண்ணாச்சி, அரசாங்கப் புள்ளியியல் ஆபீஸில் கிளார்க்காக இருந்து ரிட்டையர் ஆனவர். அவருக்கு உலகத்தில் ஒரே ஒரு பாவம்தான் தெரியும், காலிக் கட்டம்.

"ஏலே கோமதி, கட்டம் காலியா இருக்கப்படாது. பொய்யோ மெய்யோ, காலியா மட்டும் இருக்கப்படாது. காலியா இருந்தா டெல்லியில கேப்பான்வே."

கோமதிநாயகமான நான், சித்திரை வெயிலில் தோளில் பையும் கையில் கிளிப் போர்டுமாக மேலப்பாளையத்தில் இறங்கினேன். முதல் கதவு பூட்டியிருந்தது. இரண்டாவது கதவு திறந்து, என்னைப் பார்த்ததும் பூட்டிக்கொண்டது. அரை மணி நேரம் கழித்து இரண்டு கதவுகளும் திறந்தன. வீட்டுக்கு நாலு நிமிடம். மூன்றாவது கதவுக்குப் பின்னால் ஒரு வயதான அம்மாளின் குரல்.

"யாரது?"

"சர்வே எடுக்க வந்திருக்கேம்மா."

"ரேசன் கார்டா?"

"இல்லம்மா, ஆராய்ச்சி."

"ஆராய்ச்சி செய்யுததுக்கு இங்கன என்ன கிடக்கு? ஊட்டுல ஆம்பளைய இல்ல. நீ எந்தூரு?"

"பாளையங்கோட்டை."

"கல்யாணம் ஆயிட்டா?"

"இல்லம்மா."

"ஏன்?"

அந்தக் கேள்விக்கு என்னிடம் கோட் நம்பர் இல்லை. "வேலை இப்பத்தாம்மா கிடைச்சிருக்கு."

"எவ்வளவு தாரான்?"

சொன்னேன். கதவுக்குப் பின்னால் உச்சுக்கொட்டும் சத்தம். எனக்காக வருத்தப்படுகிறார் என்று புரிந்தது.

"இதுக்கா வாப்பா இந்த வெயில்ல அலையுத? பேசாம எங்க பேரன்கூட சவுதிக்குப் போயிரு. அங்கன ஒரு ஆள் கேக்காங்க."

அந்த அம்மாளிடம் ஒரு ஷெட்யூல் இருந்திருந்தால் அன்று என்னுடைய பதினாலு பக்கமும் நிரம்பியிருக்கும். என்னுடைய ஷெட்யூலில் ஒரு கட்டம்கூட நிரம்பவில்லை. கடைசியில் முக்கியமான கேள்வியையாவது கேட்டுவிடுவோம் என்று, "வீட்டுல யாரும் பீடி சுத்துதாங்களாம்மா?" என்றேன்.

உள்ளே தரையில் ஏதோ சரசரவென்று இழுபடும் சத்தம்.

"பீடியா? எங்க ஊட்டு மாப்பிள்ளை சவுதியில இருக்காரு. நாங்க எதுக்கு சுத்துதோம்?"

ஷெட்யூலின் ஏழாவது பகுதியில், ஏழாவது பிளாக் என்போம், கேள்வி இது: வெளிநாட்டுப் பணம் வரத் தொடங்கியபின் வீட்டுப் பெண்களின் வேலை என்ன ஆயிற்று? கூடியது என்றால் கோட் ஒன்று. மாற்றமில்லை என்றால் இரண்டு. நின்றது என்றால் மூன்று. நான் மூன்று போட்டேன். இப்படி மூன்று வீடு முடிய மத்தியானமாகிவிட்டது. மீதி பதினேழு.

பஜாரில் ஒரு டீக்கடை. மேலே ஃபேன் ஓடியது. என் வீழ்ச்சிக்குக் காரணம் அந்த ஃபேன்தான் என்று இன்றும் சொல்வேன். ஒரு டீயும் இரண்டு போண்டாவும் சொல்லி உட்கார்ந்தேன். அந்த வாரம் முழுக்க என் களம் அந்த பெஞ்சுதான். பட்டியலில் கதவு எண்கள் இருந்தன. அந்தக் கதவுகளுக்குப் பின்னால் குடும்பங்களை நானே குடிவைக்க ஆரம்பித்தேன். பெயர் வைக்க, எதிரே இருந்த கடை போர்டுகள் உதவின. கணவர்களை துபாய், குவைத், மஸ்கட் என்று பாரபட்சமில்லாமல் பிரித்து அனுப்பினேன். எங்கள் வீட்டில் அப்போது ஃபேன் கிடையாது. அந்த ஏக்கத்தில் பதினேழு வீட்டுக்கும் ஆளுக்கொரு டேபிள் ஃபேன் வாங்கிக் கொடுத்தேன். பன்னிரண்டாவது குடும்பத்தோடு எனக்குப் பாசமே வந்துவிட்டது. அந்த வீட்டு மாமியாருக்கு இருந்த மூட்டுவலியைக் குணமாக்கிவிட்டுத்தான் அடுத்த வீட்டுக்குப் போனேன்.

ஏழாவது பிளாக்கில் பேனா தானாக மூன்று, மூன்று என்று போட்டுக்கொண்டே போனது. யோசிக்கவே இல்லை. பெரியவர்தான் கரும்பலகையில் கையை வரைந்து காட்டிவிட்டாரே.

அண்ணாச்சி தன் பழைய ஆபீஸிலிருந்து ஒரு வழக்கத்தைக் கொண்டுவந்திருந்தார். கட்டி அனுப்புவதற்குமுன் ஒருவர் ஷெட்யூலை இன்னொருவர் பார்க்க வேண்டும். ஸ்க்ரூட்டினி என்று பெயர். பெரும்பாலும் கட்டம் காலியா என்று மட்டும் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுவோம். என் நேரம், என்னுடையது ரஹ்மத் அக்காவிடம் போனது. அவர் ஒவ்வொரு பக்கமாகப் படித்தார். சர்வே தொழிலில் அப்படி ஒரு கொடுமையை நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

"ஏன் தம்பி, இருபது ஊட்டுலயும் கை ஓஞ்சுபோச்சா?"

"ஆமாக்கா."

"ஒரு பொம்பளை விரலையாவது பாத்தியா?"

"விரலை எதுக்குக்கா பாக்கணும்?"

அக்கா தன் விரலைக் காட்டினார். ஆள்காட்டி விரலின் நகத்தோரம் ஒரு கறுப்பு. பீடி சுற்றுவதை விட்டு எட்டு வருடம் ஆகியும் போகாத கறுப்பு.

"மாப்பிள்ளை வெளிநாட்டுல இருக்கும்போது பொண்டாட்டி பீடி சுத்துனா ஊருல கேவலம். 'அவன் பணம் அனுப்பல போலிருக்கு'ன்னு பேசிருவாங்க. அதனால யாரும் வந்தா சொளவைக் கட்டிலுக்கு அடியில தள்ளிருவாங்க. வந்தவன் போனதும் எடுத்துருவாங்க. விசாவுக்கு வாங்குன கடன் அடையவே ரெண்டு வருசம் ஆவும்லா. கை எங்க ஓயுது? ஒளியுது."

சரசரவென்று இழுபட்ட சத்தம் என்ன என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. பீடி இலையும் தூளும் வைத்து மடியில் ஏந்திக்கொள்கிற முறம், அதுதான் சொளவு. நான் நேரில் போன மூன்று வீடும் பொய். போகாத பதினேழும் பொய். நூற்றுக்கு நூறு.

"நீங்க எப்படிக்கா கேட்டீங்க?"

"நான் கேக்கல. போயி உக்காந்து, கத்திரியை வாங்கி, அவங்ககூட இலை வெட்டுனேன். ஒரு கட்டு வெட்டி முடிக்கதுக்குள்ள அவங்களே எல்லாம் சொல்லிட்டாங்க."

நான் ஒரே வாரத்தில் முடித்த இருபது வீட்டுக்கு அக்காவுக்கு ஒன்றரை மாதம் ஆனது. அண்ணாச்சி தினமும் திட்டினார். அக்காவின் ஷெட்யூலில் ஏழாவது பிளாக் பெரும்பாலும் ஒன்று, சில இடத்தில் இரண்டு. மூன்றே இல்லை.

"அக்கா, அண்ணாச்சிகிட்ட சொல்லிராதீங்க" என்றேன்.

"நான் எதுக்கு சொல்லுதேன்? டெல்லியில படிச்சவங்க இருந்து படிப்பாங்கல்லா. பதினேழு ஊட்டுலயும் ஒரே மாதிரி ஃபேன் ஓடுதேன்னு அவங்களே கண்டுபிடிச்சிருவாங்க."

அன்று பிடித்த பயம்தான். அதற்குப்பின் எனக்கு எந்த ஃபேன் காற்றும் குளிர்ந்ததில்லை.

3. பதினொரு நிமிடக் களப்பணி

ஷெட்யூல் கட்டுகள் டெல்லிக்குப் போவதற்குமுன் பேராசிரியர் களத்தைப் பார்க்க விரும்பினார். வெள்ளை அம்பாசடர் வந்தது. முன்சீட்டில் டிரைவருக்குப் பக்கத்தில் அண்ணாச்சி. பின்சீட்டில் பேராசிரியர், வழி காட்ட நான், ஓரமாக ரஹ்மத் அக்கா.

"ஏதாவது ஒரு வீட்டுக்குப் போவோம்" என்றார் பேராசிரியர். அண்ணாச்சி கண்ணை மூடிக்கொண்டு பட்டியலில் விரல் வைத்தார். விரல் என்னுடைய பன்னிரண்டாவது குடும்பத்தின்மேல் உட்கார்ந்தது. மூட்டுவலி மாமியார் வீடு.

அந்தக் கதவைத் தட்டினால் உள்ளே யார் இருப்பார்கள் என்பது எனக்குத் தெரியாது. நான் குணப்படுத்திய மாமியார் இருக்கமாட்டார் என்பது மட்டும் நிச்சயம். "இடது பக்கம்" என்றேன். பிறகு "வலது பக்கம்" என்றேன். அதே பள்ளிவாசலை மூன்று முறை சுற்றிவந்தோம்.

"ஏலே, வழி தெரியுமா தெரியாதா?" என்றார் அண்ணாச்சி.

"ஒன்வே அண்ணாச்சி" என்றேன். மேலப்பாளையத்தில் அன்று ஒன்வே என்று எதுவும் கிடையாது.

நல்லவேளையாக சந்து குறுகிவிட்டது. கார் நுழையவில்லை. இறங்கி நூறடி நடக்க வேண்டும். பேராசிரியர் ஜன்னல் வழியே வெயிலைப் பார்த்தார், செருப்பைப் பார்த்தார், சாக்கடையைப் பார்த்தார். இறங்கவில்லை. அந்த நேரம் எதிரே ஒரு பெண் வந்துகொண்டிருந்தார். இடுப்பில் ஒரு கூடை, கூடையின்மேல் ஈரத்துண்டு. பேராசிரியர் கண்ணாடியை இறக்கினார்.

"ஏம்மா, உங்க வீட்டுக்காரர் எங்க இருக்கார்?"

"துபாய்ல."

"நீங்க ஏதாவது வேலை செய்றீங்களா?"

அந்தப் பெண் காரைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். சேலைத் தலைப்பைக் கூடைமேல் இழுத்துவிட்டுக்கொண்டார்.

"இல்ல, சும்மாதான் இருக்கேன்."

அதே நேரம் டிரைவர் தும்மினார். தொடர்ந்து ஆறு தும்மல். கூடையிலிருந்து வந்த புகையிலை நெடி கார் முழுக்க ஏறிவிட்டது. கடைக்குக் கொடுக்கக் கொண்டுபோகிற அன்றைய பீடி அத்தனையும் அதில் இருந்தது.

பேராசிரியர் கண்ணாடியை ஏற்றிவிட்டு டிரைவரிடம் அன்போடு, "ஜலதோஷத்தை அலட்சியம் பண்ணாதீங்க. டாக்டரைப் பாருங்க" என்றார். பிறகு எங்கள் பக்கம் திரும்பினார். "பார்த்தீங்களா? சும்மா இருக்கேன்னு அவங்க வாயாலயே சொல்றாங்க. ஓய்ந்த கை."

"சார், அந்தக் கூடையில..." என்று ரஹ்மத் அக்கா ஆரம்பித்தார்.

"போதும்மா. எனக்குப் புரிஞ்சிடுச்சு" என்றார் பேராசிரியர்.

கார் மேலப்பாளையத்துக்குள் நுழைந்து வெளியேற பதினொரு நிமிடம். நான் கடிகாரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், அதனால் நன்றாகத் தெரியும். பிற்காலத்தில் வந்த அவருடைய வாழ்க்கைக் குறிப்புகளில் இது "மேலப்பாளையத்து நெசவாளர், பீடித் தொழிலாளர் இல்லங்களில் தங்கி அவர் மேற்கொண்ட நெடிய களப்பணி" என்று வளர்ந்திருந்தது. டிரைவரின் தும்மலைப் பற்றி எந்தக் குறிப்பிலும் ஒரு வரி இல்லை. அன்று அந்தக் காரில் உண்மையைக் கண்டுபிடித்தது அந்த மூக்கு ஒன்றுதான்.

மறுநாள் ஆறு கட்டுகளையும் சிவப்பு நாடாவால் இறுக்கிக் கட்டினோம். முடிச்சின்மேல் அரக்கை உருக்கி ஊற்றினோம். டெல்லியிலிருந்து வர வேண்டிய சீல் வரவில்லை. அண்ணாச்சி தன் விரலில் கிடந்த மயில் மோதிரத்தை அரக்கில் அழுத்தினார். ஆறு கட்டுக்கும் ஆறு மயில். ஒவ்வொரு மயிலுக்கும் கீழே எங்கள் பெயர். எனக்கு அது தூக்குக்கயிற்றில் பெயர் எழுதி ஒட்டியது மாதிரி இருந்தது.

4. ஓய்ந்த கை செய்த வேலைகள்

இரண்டு வருடத்தில் புத்தகம் வந்தது. உலகமே கொண்டாடியது என்றார்கள். உலகம் கொண்டாடினால் பாளையங்கோட்டைக்குச் சத்தம் கேட்காது, ஆனால் பேப்பரில் வந்துவிடும். ஒரு நூலகத்தில் அந்தப் புத்தகத்தை எடுத்துப் புரட்டினேன். முன்னுரையில் ஒரு வரி: எங்கள் நுணுக்கமான கள ஆய்வு இந்தக் கோட்பாட்டை உறுதிப்படுத்தியது. அதற்குமேல் என்னால் படிக்க முடியவில்லை. நுணுக்கமான கள ஆய்வு என்பது ஒரு டீயும் இரண்டு போண்டாவும் என்று அந்த நூலகத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும். புத்தகத்தில் ஒரு அட்டவணைகூட இல்லை என்பதைக் கவனித்தேன். பெரியவரின் எளிமை என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு அந்தக் கை வேலை செய்ய ஆரம்பித்தது. ஓய்ந்த கை என்று பெயர், ஆனால் ஓயாமல் கமிட்டி கமிட்டியாகப் போய்வந்தது. வீடு கட்ட உதவி கேட்கும் ஒரு விண்ணப்பத்தில் புதிதாக ஒரு கட்டம் முளைத்தது: குடும்பத்தில் யாரேனும் வெளிநாட்டில் உள்ளனரா? ஆம் என்று டிக் அடித்தால் விண்ணப்பம் அங்கேயே முடிந்தது. ரஹ்மத் அக்காவின் தங்கை ஆம் என்று டிக் அடித்தார். கணவர் குவைத்தில்தான் இருந்தார். அவரிடமிருந்து பணம் வந்து எத்தனையோ மாதம் ஆகியிருந்தது. அதைக் கேட்க அந்த விண்ணப்பத்தில் கட்டம் இல்லை. வீடு கிடைக்கவில்லை.

அக்கா இதை என்னிடம் சாதாரணமாகத்தான் சொன்னார், ஒரு கோபமான வார்த்தைகூட இல்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை. நான் மேலப்பாளையம் போவதையே நிறுத்திவிட்டேன். அந்தப் பக்கம் போகும் பஸ் வந்தால் அடுத்த பஸ்ஸுக்கு நிற்பேன்.

ஒரு கட்டத்தில் தாங்கமுடியாமல் பேராசிரியருக்கே கடிதம் எழுதிவிட்டேன். எட்டுப் பக்கம். டீக்கடை, ஃபேன், மாமியாரின் மூட்டு, ஒன்றையும் விடவில்லை. ஒரு மாதம் கழித்து டெல்லியிலிருந்து கவர் வந்தது. உள்ளே அவருடைய கலர் படம், கையெழுத்தோடு. பின்னால் அச்சடித்த ஒரு வரி: தங்கள் அன்புக்கு நன்றி.

அடடா, எப்பேர்ப்பட்ட மனம், என்னை மன்னித்துவிட்டார் என்று நினைத்து அழுதேன். அந்தப் படத்தை ஃப்ரேம் போட்டு மாட்டினேன். இதைப் படித்துச் சிரிக்கிற பிள்ளைகள் தாராளமாகச் சிரிக்கலாம். நானே சிரித்து முடித்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

5. இரும்புப் பெட்டி

போன வருடம் பேராசிரியர் காலமானார். வண்ணார்பேட்டையில் ஃப்ளெக்ஸ் வைத்தார்கள். "தாமிரபரணி தந்த தங்கம்" என்று போட்டு, பின்னணியில் ஏதோ வெளிநாட்டு அருவியின் படத்தை வைத்திருந்தார்கள். ஒரு கல்லூரியில் அவர் பெயரில் நினைவு அறை திறப்பதாக ஏற்பாடு. டெல்லியிலிருந்து அவருடைய காகிதங்கள் இரும்புப் பெட்டியில் வந்து இறங்கின. அவற்றை ஸ்கேன் செய்து அடுக்கும் வேலை ஜெனிஃபர் என்ற ஆராய்ச்சி மாணவிக்கு. வள்ளியூர்ப் பெண், கெட்டிக்காரி. அவள் எனக்குப் போன் செய்தாள்.

"சார், ஓய்ந்த கை சர்வேயோட ஒரிஜினல் ஷெட்யூல்ஸ் வந்திருக்குது. லிஸ்ட்ல உங்க பேரு இருக்கு. விழாவுல உங்களுக்குப் பொன்னாடை போடுதோம்."

"வேண்டாம்மா, எனக்கு உடம்பு சரியில்ல" என்றேன். விழாவுக்கு இன்னும் பத்து நாள் இருந்தது.

"சரியாயிரும் சார். இன்னொண்ணு, உங்க ஷெட்யூல்ல உள்ள ஒரு குடும்பத்தை மேடைக்குக் கூட்டிட்டு வரச் சொல்லுதாங்க. நாம முன்னாடியே போய்ப் பாத்துப் பேசிட்டு வந்திருவோம்."

போனை வைத்தேன். இருபத்தாறு வருடத்துக்கு முன்னால் நான் குடிவைத்த பதினேழு குடும்பங்களும் எழுந்து, டேபிள் ஃபேனைத் தூக்கிக்கொண்டு என் வாசலில் வந்து நின்றன.

நேராக மேலப்பாளையத்துக்கு பஸ் ஏறினேன். ரஹ்மத் அக்காவுக்கு இப்போது அறுபதை ஒட்டி வயது. கதவைத் திறந்தவர் என்னைப் பார்த்து ஒரு நிமிடம் யோசித்தார்.

"அட, ஃபேன் தம்பி! இப்பத்தான் வழி தெரிஞ்சுதா?"

"அக்கா, எனக்கு அவசரமா ஒரு குடும்பம் வேணும்."

"இந்த வயசுலயா? உன் பொண்டாட்டிக்குத் தெரியுமா?"

விஷயத்தைச் சொன்னேன். யாரையாவது அந்தப் பன்னிரண்டாவது குடும்பமாக நடிக்கச் சொல்லலாம், மேடையில் ஐந்து நிமிடம்தான், பிரியாணி என் செலவு என்றெல்லாம் பேசினேன். அக்கா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு சிரிப்பு நின்றது.

"நீ பொய் எழுதுன, சரி. நான் எழுதுனது மெய்தான? இருபது ஊட்டுல உக்காந்து இலை வெட்டி எழுதுனேன். அதையும் படிச்சிட்டு, அதுக்குப் பொறவும் அந்த மனுசன் அப்படி எழுதுனாரா? என் எழுத்தை எதுக்குத் தள்ளுனாரு? தப்புன்னா எங்கன தப்பு? எனக்கு அது மட்டும் தெரியணும். வா, பெட்டியைப் பாப்போம்."

மறுநாள் காலை பத்து மணிக்குக் கல்லூரிக்குப் போனோம். அக்கா தோளில் ஒரு துணிப்பை மாட்டியிருந்தார். போகிற வழியெல்லாம் நான் மனதுக்குள் மன்னிப்பு வசனங்களைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன். ஜெனிஃபர் பெட்டியைத் திறந்தாள். மேலே பொன்னாடைகள், கேடயங்கள். அவற்றுக்குக் கீழே பேராசிரியர் எங்களுக்குப் பயிற்சியில் பேசிய பேச்சின் டைப் அடித்த பிரதி. அதை எடுத்து நின்றுகொண்டே படித்தேன். இந்த முறை முழுதாகப் படித்தேன். பக்கத்தில் இருந்த புத்தகத்தையும் திறந்து வைத்துக்கொண்டேன். முதல் அத்தியாயம் அந்தப் பேச்சேதான். கரும்பலகையில் வரைந்த கைகூட அப்படியே அட்டைப்படமாக ஆகியிருந்தது. நான் டீக்கடையில் அவர் சொன்னதைக் காப்பியடித்தேன். அவரும் அவர் சொன்னதையே காப்பியடித்திருந்தார். எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் மேலப்பாளையம் வரவே இல்லை.

"சார், ஷெட்யூல்ஸ் அடியில இருக்கு" என்று ஜெனிஃபர் ஒவ்வொன்றாகத் தூக்கி மேஜைமேல் வைத்தாள். ஆறு கட்டு. சிவப்பு நாடா வெளுத்து ரோஸ் நிறமாகியிருந்தது. அவள் ஒரு கட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"சார், இது என்ன, மயிலா?"

ரஹ்மத் அக்கா முன்னால் வந்து ஆறையும் தொட்டுப் பார்த்தார். தன் பெயர் இருந்த கட்டை எடுத்தார். அரக்கின்மேல் கட்டைவிரலை வைத்து ஒருமுறை தடவினார்.

"தள்ளலை தம்பி" என்றார். "தள்ளணும்னாலும் முதல்ல படிக்கணும்லா."

நான் என் கட்டைத் தூக்கிப் பார்த்தேன். என் முடிச்சு எனக்குத் தெரியாதா? என் பயத்துக்கு டெல்லியில் ஒரு வாசகர்கூட இருந்ததில்லை. குற்றவாளி என்ற பெருமையும் போயிற்று.

அக்கா துணிப்பையிலிருந்து கத்திரியை எடுத்தார். இலை வெட்டுகிற கத்திரி. நாடாவை வெட்டினார். மயில் இரண்டாக உடைந்தது. முதல் ஷெட்யூலைத் திறந்ததும் மடிப்பிலிருந்து பீடி இலைத் துணுக்குகளும் கொஞ்சம் தூளும் மேஜைமேல் கொட்டின. ஜெனிஃபர் தும்மினாள். மறுபடியும் தும்மினாள்.

"ஜலதோஷமாம்மா?" என்றார் அக்கா.

மேடைக்கு எந்தக் குடும்பமும் போகவில்லை. எனக்குப் பொன்னாடை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். என் பதினேழு ஷெட்யூலிலும், முதல் பக்கத்தில், "இந்த வீட்டுக்கு நான் போகவில்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். நேரில் போன மூன்றில், "கட்டிலுக்கு அடியில் பார்க்கவில்லை" என்று எழுதினேன். ஜெனிஃபர் அவற்றையும் ஸ்கேன் செய்துகொண்டாள். விழாவில் தலைமை தாங்கியவர், பேராசிரியரின் கோட்பாடு பாறைபோன்ற கள ஆய்வின்மேல் எழுந்தது என்று முக்கால் மணி நேரம் பேசினார். அக்காவும் நானும் கடைசி வரிசையில் உட்கார்ந்து கேட்டோம். அக்காவின் தங்கை வீட்டுக்கு இன்னும் ஓட்டுக்கூரைதான்.

பிள்ளைகளே, கதவைத் தட்டுங்கள். உள்ளே போய் உட்காருங்கள். இழுபடும் சத்தம் கேட்டால் என்ன என்று பாருங்கள். யாரோ மேலே படிப்பார்கள் என்ற பயத்தில் இதைச் செய்யாதீர்கள். அந்தப் பயம் வீண் என்பதற்கு நான் சாட்சி.

நடந்தது இவ்வளவுதான். ஆறு கட்டுகள் டெல்லிக்குப் போயின. இருபத்தாறு வருடம் ஒரு பெட்டியின் அடியில் கிடந்தன. ஆறும் நாங்கள் வைத்த அரக்கு உடையாமல் திருநெல்வேலிக்குத் திரும்பி வந்தன.